உங்கள் படைப்பைப் பற்றி நீங்களே ஒரு பக்கம் எழுத: மதுரைப் பக்கத்து ஓவியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கண்காட்சி, உதவித்தொகை, கவின்கலை மேற்படிப்பு என்று எதற்கு விண்ணப்பித்தாலும், படம் வரைவதைவிட அதிகம் தூக்கத்தைக் கெடுப்பது ஒரே ஒரு பக்கம்தான். படிவத்தின் கடைசியில் 'ரிஃப்ளெக்டிவ் ஸ்டேட்மெண்ட்' என்று ஒரு வரி இருக்கும். எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது, தமிழில் எழுதலாமா என்பதற்கு அங்கே பதில் இருக்காது. அரசு கவின்கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருப்பதால், மதுரையில் இருப்பவர்களுக்குப் பேருந்து ஏறாமல் போய்க் கேட்டுவர ஆள் கிடைப்பதும் கடினம். நானும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இதில் நெடுநாள் திண்டாடினேன். அடுத்து எழுதப்போகிறவர் அவ்வளவு அலையக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்தப் பக்கத்தை இங்கே 'தன்விளக்கம்' என்றே குறிப்பிடுகிறேன்.

1. படிவம் எதைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்

மூன்று விதமான எழுத்துகளைக் கேட்பார்கள். மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

தன்விவரம்: பிறந்த ஊர், படிப்பு, பங்கெடுத்த கண்காட்சிகள். படைப்பாளர் கூற்று: உங்கள் வேலை முழுவதும் எதைச் சுற்றி வருகிறது என்பது. தன்விளக்கம்: குறிப்பிட்ட ஒரு படைப்பை அல்லது ஒரு வரிசையை எப்படிச் செய்தீர்கள், நடுவில் எதை மாற்றினீர்கள், எது வரவில்லை, செய்து முடித்த பிறகு என்ன புரிந்தது என்பது.

தன்விளக்கம் கேட்ட இடத்தில் "சிறு வயதிலிருந்தே ஓவியத்தில் ஆர்வம்" என்று தொடங்கினால், தேர்வுக்குழுவில் இருப்பவர் முதல் வரியிலேயே சோர்ந்துவிடுவார். அவர் முன்னால் நூற்றுக்கணக்கான தாள்கள் கிடக்கும். அதில் பாதி இப்படித்தான் தொடங்கும்.

படிவத்தைப் பிரிண்ட் எடுத்து இவற்றை அடிக்கோடிடுங்கள்: சொல் வரம்பா எழுத்து வரம்பா, எந்த மொழி, எத்தனை படங்கள், கோப்பின் அளவு, கட்டணம், கடைசி நாள், அந்த நாளில் எத்தனை மணி வரை. மொழி பற்றி எதுவும் இல்லையென்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் "அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்று சொல்வார்கள். அது பிறகு உதவாது. எழுத்தில் வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. எழுதும் முன் சான்றுகளைச் சேருங்கள்

நல்ல தன்விளக்கம் யோசித்து எழுதுவதைவிடச் சேர்த்து எழுதுவதில்தான் வருகிறது. உட்கார்ந்து "இதன் மூலம் நான் என்ன சொல்ல வந்தேன்?" என்று கேட்டுக்கொண்டால் பெரிய பெரிய சொற்கள்தான் வரும். அதற்குப் பதில் இவற்றை ஒரு மேசைமேல் பரப்புங்கள்:

- வரைநோட்டு, கிறுக்கிப் போட்ட தாள்கள், கிழிக்காமல் மிச்சமிருக்கும் தோற்றுப்போன முயற்சிகள்
- வேலை நடந்த நாட்களில் போனில் எடுத்த படங்கள் (காலரியில் தேதி இருக்கும், எதை எப்போது மாற்றினீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை)
- சாயம், காகிதம், சட்டம் வாங்கிய பில்கள்
- நண்பர்களுக்கு வாட்ஸாப்பில் "இது சரியா வரலடா" என்று அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள்

கடைசியில் சொன்னதை அலட்சியமாக விடாதீர்கள். விண்ணப்பத்தில் வராத உண்மை அந்தச் செய்திகளில்தான் இருக்கும். "நீலம் அதிகமாப் போச்சு, மேல மண்ணப் பூசிட்டேன்" என்று நள்ளிரவில் நீங்கள் அனுப்பிய ஒரு வரி, ஒரு பத்திக்குச் சமம்.

எதைப் பார்த்து வரைந்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போன் கொண்டுபோக முடியாது. உள்ளே இருக்கும் தூணையோ யாளியையோ படமெடுத்து வந்து வரைய வழியில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்து, ஆடி வீதி தாண்டி, எங்காவது உட்கார்ந்து நினைவிலிருந்து வரைந்திருப்பீர்கள். அப்படியானால் அதை எழுதுங்கள். நினைவில் எது பெரிதானது, எது விடுபட்டது என்பது உங்கள் படைப்பின் உண்மையான பகுதி. இதைச் சொல்லாமல் "திராவிடச் சிற்ப மரபால் ஈர்க்கப்பட்டு" என்று எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. கையில் இருக்கும் நல்ல பொருளை விட்டுவிட்டு யாரும் எழுதக்கூடியதை எழுதுகிறார்கள்.

3. பேசுங்கள், பதிவு செய்யுங்கள்

எழுத வராதவர்களுக்குக்கூடப் பேச வரும். ஓவியம் தெரியாத ஒருவரை, அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, படைப்பின் முன்னால் உட்காரவைத்து இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலைப் போனில் பதிவு செய்யுங்கள்.

- இது என்ன, எதால் செய்தது?
- ஏன் இவ்வளவு பெரிசு, அல்லது ஏன் இவ்வளவு சின்னது?
- முதலில் இப்படித்தான் செய்ய நினைத்தாயா?
- எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்?
- எதை வேண்டுமென்றே விட்டுவிட்டாய்?
- இன்னொரு முறை செய்தால் எதை மாற்றுவாய்?

பதிவைக் கேட்டு, பேசியபடியே எழுத்தில் இறக்குங்கள். அப்போதே திருத்தாதீர்கள்.

4. முதல் வரைவு: செய்ததிலிருந்து தொடங்குங்கள்

ஒரு படைப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி சுங்குடி முறையில் ஒரு பருத்தித் துணியைச் செய்திருக்கிறாள். மதுரைச் சுங்குடி எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்: துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் தோய்த்து, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். இந்த மாணவி பாதி முடிச்சுகளை அவிழ்க்காமல் விட்டிருக்கிறாள். இப்போது அவள் எழுத வேண்டும்.

பலரும் எழுதுவது இப்படி:

"இப்படைப்பு மதுரையின் பாரம்பரியத்தையும், பெண்களின் மீதான சமூகக் கட்டுப்பாடுகளையும், நவீன வாழ்வின் சிக்கல்களையும் வெளிப்படுத்துகிறது."

இந்த வரியை வேறு எந்த ஓவியத்தின் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அதுதான் அதன் குறை. துணி எங்கே? முடிச்சு எங்கே? இனி இதைப் பாருங்கள்:

"சுங்குடியில் முடிச்சுப் போடுவதே பிறகு அவிழ்ப்பதற்காகத்தான். எல்லா முடிச்சுகளையும் அவிழ்ப்பதாகத்தான் நானும் தொடங்கினேன். வலது ஓரத்தை அவிழ்த்து முடித்ததும் துணி தட்டையாகி, புடவையில் வெட்டிய துண்டுபோல் ஆகிவிட்டது. அவிழ்க்காத பக்கத்தில் துணி மேடும் பள்ளமுமாக நின்று, ஒவ்வொரு முடிச்சுக்கும் கீழே ஒரு நிழல் விழுந்தது. நிழல் வேண்டும் என்று முடிவு செய்து அங்கேயே நிறுத்தினேன். முடிச்சுகளை எனக்குக் கட்டிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக இந்த வேலை செய்யும் ஒரு பெண். அவிழ்த்த துணியில் அவர் கை இருந்த தடமே தெரியாது. அவிழ்க்காத பக்கத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தெரிகிறது. இடது கீழ்மூலையில் சாயம் உள்ளே கசிந்து புள்ளிகள் மங்கியிருக்கின்றன. அந்தப் பகுதியை நான் கட்டினேன், நூலை அவர்போல் இறுக்க எனக்கு வரவில்லை. அதை வெட்டி எடுக்காமல் விட்டிருக்கிறேன். அடுத்த துணியில் முழுவதையும் நானே கட்டிப் பார்க்கப் போகிறேன்."

பெண்களின் உழைப்பு பற்றியும் மரபு பற்றியும் இதில் ஒரு பொதுச்சொல்கூட இல்லை. படிப்பவருக்கு இரண்டும் புரிந்துவிடும். முடிவு எடுத்த இடம், அதற்கான காரணம், உதவியவர், வராத பகுதி, அடுத்து செய்யப்போவது என ஐந்தும் வந்துவிட்டன. உங்கள் வரைவிலும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். வரிசை முக்கியமில்லை.

வராததை எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். எந்தக் குறையையும் காரணத்தோடு சொன்னால் போதும். "நேரம் போதவில்லை", "மன உளைச்சல்" போன்றவை காரணம் ஆகாது. நூல் இறுகவில்லை, காகிதம் ஈரம் தாங்கவில்லை, வைகை மணலைப் பசையோடு கலந்தபோது காய்ந்து உதிர்ந்தது என்று பொருளின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்.

5. களைய வேண்டிய சொற்கள்

வரைவை ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டுப் பேனாவோடு உட்காருங்கள். தனித்துவமான, ஆழமான, பன்முக, சமகாலச் சூழலில், ஆன்மாவின் வெளிப்பாடு, பிரதிபலிக்கிறது, எல்லைகளைக் கடந்து: இவை வரும் வரிகளை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அப்படியே விடுங்கள். குறைந்தால், அந்தச் சொல் மறைத்து வைத்திருந்த செய்தியைத் தேடி எழுதுங்கள்.

"பார்வையாளர் இதைப் பார்த்து இப்படி உணர்வார்" என்றும் எழுதாதீர்கள். அவர் உணர்வதை அவரிடமே விட்டுவிடலாம்.

6. பிறர் பெயரைச் சொல்லும்போது

பாதிப்பு, அதாவது யாரிடமிருந்து அல்லது எதிலிருந்து கற்றீர்கள் என்று ஒரு பத்தி கேட்பார்கள். அங்கே ஐந்து பெயர்களை அடுக்குவது வழக்கமாகிவிட்டது. ஒரே ஒருவரை எடுங்கள்; அவரிடமிருந்து எதைக் கற்றீர்கள் என்று சொல்லுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் செய்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்துபோன்ற வடிவங்கள் நிரம்பிக் கிடக்கும், ஆனால் படிக்க முடியாது. உங்கள் படத்தில் கடைப் பலகை எழுத்துகளை அப்படிப் பயன்படுத்தியிருந்தால் அவர் பெயர் வரலாம். மற்றபடி பெயருக்காகப் பெயர் வேண்டாம். பாதிப்பு ஓவியரிடமிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. கீழக்குயில்குடி சமணர் மலைப் புடைப்புச் சிற்பமோ விளாச்சேரியில் மண்பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவரின் கையோ உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், எதைக் கற்றீர்கள் என்பதோடு எழுதுங்கள்.

இணையத்தில் கிடைத்த ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்திருந்தால் மறைக்காதீர்கள். நம் நாட்டில் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பு உருவானதுமே உரிமை படைத்தவருக்கு வந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை. அந்த ஒளிப்படக்காரருக்கும் அதே உரிமை இருக்கிறது. அனுமதி வாங்கியிருந்தால் அதைக் குறிப்பிடுங்கள்; இல்லையென்றால் அந்தப் படைப்பை அனுப்பாதீர்கள். அடையாளம் தெரியும்படி ஒருவரின் முகத்தை வரைந்திருந்தால், "காட்சிக்கு வைக்கச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

உதவியவர்களையும் இதே கவனத்தோடு சொல்லுங்கள். தறி நெய்தவர், சூளையில் சுட்டவர், சட்டம் அடித்தவர் எல்லாரும் உங்கள் படைப்பில் இருக்கிறார்கள். பெயர் போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள்.

7. எழுத்துரு, எழுத்து வரம்பு, ஆங்கிலம்

மிகப் பெரிய பொறி இதுதான். டிடிபி கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கிறார்கள். தாளில் அழகாக வரும். அதையே மின்னஞ்சலில் அனுப்பினாலோ படிவப் பெட்டியில் ஒட்டினாலோ புரியாத ஆங்கிலக் குறிகளாக மாறிவிடும். கடைக்குள் நுழைந்ததும் "யூனிகோடுல அடிங்கண்ணே" என்று சொல்லுங்கள். எந்தக் கணினியிலும் போனிலும் எழுத்து மாறாமல் தெரியும் பொது முறை அது. முடிந்தால் நீங்களே போனில் அடித்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகை எல்லாமே யூனிகோடுதான். பிடிஎஃப் ஆக்கிய பிறகு வேறொருவரின் போனில் திறந்து பாருங்கள்.

அடுத்தது எழுத்து வரம்பு. "1000 எழுத்துகளுக்குள்" என்று இருந்தால் நாம் எண்ணுவதுபோல் கணினி எண்ணாது. 'கோ' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு 'க'வும் துணைக்குறியும் சேர்ந்து இரண்டு. 'க்' என்பதும் இரண்டு. இடைவெளியும் கணக்கில் சேரும். ஆக ஆயிரம் எழுத்துப் பெட்டியில் தமிழில் நூறு சொல் சொச்சம்தான் போகும். அடித்து முடித்துக் கடைசி நேரத்தில் ஒட்டினால் பாதியில் வெட்டிவிடும். வெட்டியது திரையில் தெரியாமலும் போகலாம். வரைவு நிலையிலேயே ஒருமுறை பெட்டியில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

சொல் வரம்பு என்றால், ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல்லில் வருவது தமிழில் ஒரு சொல்லில் அடங்கிவிடும். முந்நூறு சொல் தமிழில் தாராளமாகவே இருக்கும். நிரப்ப வேண்டும் என்பதற்காக நீட்டாதீர்கள்.

ஆங்கிலம் கேட்டால் தமிழில் முழுதாக முடித்துவிட்டு, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாக மாற்றுங்கள். எந்திர மொழிபெயர்ப்பையோ செயற்கை நுண்ணறிவுச் செயலியையோ நம்பி அப்படியே அனுப்பினால், நேர்காணலில் உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு வரியைக் காட்டிக் கேட்பார்கள், பதில் வராது. ஆங்கிலம் எளிமையாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. படங்களும் படைப்புப் பட்டியலும்

தன்விளக்கத்தில் "இடது கீழ்மூலை" என்று எழுதியிருந்தால் அந்த மூலை படத்தில் தெரிய வேண்டும். முழுப் படைப்பு ஒன்று, நெருக்கத்தில் ஒன்று, அளவு புரிய ஆள் நிற்பதுபோல் ஒன்று எடுங்கள்.

கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். மதுரை வெயிலில் நேராக வைத்தால் நிறம் வெளுத்துப்போகும். காலையில் மொட்டை மாடிப் படிக்கட்டு அறையின் நிழல் விழும் பக்கம் நல்ல வெளிச்சம் இருக்கும். பக்கத்தில் போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். நாலடி பின்னால் நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். அடுத்தவருக்கு அனுப்பும்போது வாட்ஸாப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிவிடும். கோப்பின் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பெயரைச் சில தளங்கள் ஏற்பதில்லை.

பட்டியலில் தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. உயரம் முதலில், அகலம் பிறகு, செ.மீட்டரில். "கலப்பு ஊடகம்" என்று முடித்துவிடாமல் "பருத்தித் துணி, சாயம், நூல்" என்று எழுதுங்கள்.

9. ஆவணங்கள், செலவு, நாட்கள்

பொதுவாகக் கேட்பவை: ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், மாணவர் என்றால் கல்லூரியின் போனஃபைடு சான்று (அங்கே படிக்கிறீர்கள் என்பதற்கான சான்று), உதவித்தொகை என்றால் வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்க நகல், "இது என் சொந்தப் படைப்பு" என்ற உறுதிமொழி. போனஃபைடுக்கு முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும்விடத் தாமதமாக வருவது அதுதான்.

செலவு: டிடிபி அடிக்கப் பக்கத்துக்கு 30 முதல் 50 ரூபாய், ஏ4 வண்ணப் பிரிண்ட் 10 முதல் 20 ரூபாய், தடித்த போட்டோத் தாளில் அதைவிடக் கூடுதல். கடைக்குக் கடை மாறும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் இரண்டு கடையில் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். நீங்களே அடித்து, நீங்களே படமெடுத்தால் விண்ணப்பக் கட்டணம் நீங்கலாக ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். ஒளிப்படக்காரரை வைத்தால் சில ஆயிரம் ஆகும். முதல் விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை.

நாட்கள்: மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் சான்றுகள் சேர்ப்பதும் பேசிப் பதிவதும். இரண்டாவது வாரம் வரைவும் ஆறப்போடுவதும். மூன்றாவது வாரம் மொழிபெயர்ப்பு, படங்கள், பதிவேற்றம். கடைசி நாள் சித்திரைத் திருவிழாவை ஒட்டி வந்தால் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். மாசி வீதிகளில் வண்டி நுழையாது, தெரிந்தவர்கள் யாரும் போன் எடுக்க மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று நாளிதழில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எழுத இடமில்லையென்றால் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023இல் திறந்தது. அமைதியாக உட்கார்ந்து எழுதலாம், கலை நூல்களையும் புரட்டலாம்.

10. அனுப்பிய பிறகு

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே பதிவேற்றுங்கள். ஏற்றது என்ற செய்தி வந்ததும் திரையைப் படமெடுத்து வையுங்கள். தாளில் அனுப்புவதென்றால் ஸ்பீடு போஸ்ட். ரசீதில் இருக்கும் எண்ணைத் தொலைக்காதீர்கள். அனுப்பிய தன்விளக்கத்தின் நகலைத் தேதியோடு தனியாகச் சேமியுங்கள். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் அதே நகலைத்தான் கையில் வைத்திருப்பார்கள்.

சென்னை என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பிக் காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், கடிதம் வந்த அன்றே போடுங்கள். கும்பகோணம் என்றால் மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்து. காலை நேர்காணலுக்கு முதல் நாளே போய்த் தங்குவது நல்லது. வரைநோட்டையும் தோற்றுப்போன முயற்சிகளில் இரண்டையும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். "இதை ஏன் இப்படி நிறுத்தினாய்?" என்று கேட்டால், வாயால் சொல்வதோடு தாளையும் எடுத்துக் காட்டலாம்.